ஒலிபெருக்கி பிடித்தவனின் நன்றி மடல்

அன்புள்ள அக்கம்பக்கத்தாரே, தோழர்களே,

ஆலைக் கழிவு ஓடையில் விழுந்துகொண்டிருந்த குழாயை அடைத்துவிட்டார்கள். அன்று முதல் என்னைத் 'தலைவர்' என்கிறீர்கள். கூச்சமாக இருக்கிறது. என் தவறுகளை நீங்கள் திருத்திய கதைதான் இது.

"எப்போதும் நாறுகிறது" என்று நான் எழுதிய 3 மனுக்களும் தூங்கின. பார்வையிட வந்தவர் பகல் 11 மணிக்கு வந்து, வாடையே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். கடைசி வீட்டு அக்காதான் நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். 13 மாதங்கள், தூக்கம் கெட்டு, நாற்றம் தொடங்கிய நேரம், காற்றின் திசை, அடங்கிய நேரம் என்று எழுதினார். கழிவை நள்ளிரவு தாண்டித் திறக்கிறார்கள் என்பது அதில்தான் பிடிபட்டது. அக்கா, உங்கள் கிறுக்கல் கையெழுத்துக்கு என் வணக்கம்.

கையில் கிடைத்த பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டு ஓடிய என்னைத் தடுத்து நிறுத்தியவர் வேதியியல் ஆசிரியை. கரைந்த ஆக்சிஜனை அளக்கும் பாட்டிலில் ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. ஆக்சிஜன் அளவு மாறாமல் பிடித்துவைக்கும் ரசாயனத்தை ஓடைக் கரையிலேயே அதில் சேர்த்துவிட வேண்டும். மற்ற பாட்டில்கள் பனிக்கட்டிப் பெட்டியில் போக வேண்டும். குழாய்க்கு மேலே, கழிவு கலக்கும் முன் எடுத்த நீர் மாதிரி இல்லாவிட்டால், கீழே எடுத்தது எதையும் நிரூபிக்காது என்றார். என் முதல் 8 பாட்டில்களும் குப்பைக்குப் போயின. நியாயம்தான்.

கையெழுத்து வாங்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் லோயிஸ் கிப்ஸின் கதையையும் சொன்னார். 1978இல் அமெரிக்காவின் லவ் கெனாலில் ரசாயனக் கழிவுக்கு எதிராக மக்களைத் திரட்டிய அந்த இல்லத்தரசி, தட்டிய முதல் கதவு திறக்கவில்லை என்றதும் வீடு திரும்பிவிட்டாராம். மறுநாள் நம் பிள்ளைகள் இரண்டு தெருக்களை முடித்தார்கள்.

"ஆலையை மூடு" என்று நான் முழங்கியபோது, கூட்டத்தில் எழுந்து என்னைத் திட்டிய அண்ணனுக்குத் தனி நன்றி. "என் மகன் அங்கேதான் வேலை செய்கிறான். சுத்திகரித்து விடச் சொல்லுங்கள்" என்றீர்கள். அன்று கோபம் வந்தது. கோரிக்கையை மாற்றிய பிறகுதான் தொழிலாளர் குடும்பங்கள் நம்மோடு நின்றன. உள்ளிருந்து குழாயின் வரைபடத்தைத் தந்தவரும் அதற்குப் பிறகுதான் வந்தார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட இங்கே சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும்.

அடுத்த நீர் மாதிரியை ஞாயிறு காலை எடுக்கிறோம். ஒலிபெருக்கி வாடகை பாக்கியை நானே கட்டிவிடுகிறேன். அதில் அதிகம் கத்தியவன் நான்தானே.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்