பாடநூலில் இடம்பெறும் முகங்களின் வரலாற்றையும் எழுதுங்கள்

வரலாற்றுப் பாடநூல்களை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தம் பற்றிய பாடங்களில், அதைத் தொடங்கிய ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதரின் உருவப்படம் பெரும்பாலும் அவர் பெயரோடு மட்டுமே அச்சாகிறது. அதை உருவாக்கியவர் யார், எந்த ஆண்டில், எவருடைய தேவைக்காக உருவாக்கினார், வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்ற விவரங்கள் மாணவருக்குக் கிடைப்பதில்லை. சீர்திருத்தம் பரவியதில் அச்சிட்ட உருவப்படங்களுக்கும் பங்கு உண்டு என்பதால், இக்குறையைக் களையுமாறு கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

ஜெர்மானியப் பகுதியான சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடரிக்கின் அரசவை ஓவியரான லூக்காஸ் கிரானாக், 1520இல் லூதரைத் துறவிக் கோலத்தில் இருமுறை செப்புத்தகட்டில் செதுக்கினார். முதல் படத்தில் கன்ன எலும்புகள் துருத்திய, எதற்கும் வளைந்துகொடுக்காத முகம் தெரிகிறது. அது அப்போது பரவலாக வெளியிடப்படவில்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இரண்டாவதில் முகம் தணிந்திருக்கிறது. பின்னால் ஒரு மாடம், கையில் விரித்த வேதநூல். கலகக்காரராகத் தோன்றியவரைப் பக்திமிக்க அறிஞராகக் காட்டும் இந்த மாற்றத்தில் அரசியல் கணக்கும் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்கைச் சேர்ந்த ஹான்ஸ் பால்டுங் கிரீன், அந்த இரண்டாவது படத்தைத் தழுவி ஒரு மரக்கட்டை அச்சை உருவாக்கினார். அதில் லூதரின் தலையைச் சுற்றி ஒளிவட்டமும், மேலே தூய ஆவியைக் குறிக்கும் புறாவும் சேர்ந்துவிட்டன. லூதரை விசாரித்த வோர்ம்ஸ் நகரப் பேரரசுப் பேரவைக்கு வந்திருந்த திருத்தந்தையின் தூதர் அலெயாந்திரோ, இத்தகைய படங்கள் விற்கப்படுவதையும் மக்கள் அவற்றை வாங்கி முத்தமிடுவதையும் கண்டு கலங்கி உரோமைக்கு எழுதினார். புனிதர் வழிபாட்டைக் கண்டித்த இயக்கத்தின் தலைவரையே மக்கள் புனிதராக்கிக்கொண்டார்கள் என்பது, அந்த இயக்கத்தைப் பற்றிப் பல பக்கப் பாடம் சொல்லாத உண்மையைச் சொல்கிறது. நாணயத்தில் மன்னர் முகத்தையும் கோவிலில் புனிதர் முகத்தையும் மட்டுமே கண்டு பழகிய, எழுத்தறியாத பெரும்பான்மையினருக்கு, உயிரோடிருக்கும் ஒரு சுரங்கத் தொழில்முனைவோரின் மகனுடைய முகம் சந்தையிலேயே கிடைத்தது எத்தகைய மாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அச்சிட்ட உருவப்படங்களின் இந்த வலிமைக்குப் பிற்காலத்திலும் சான்றுகள் உண்டு. 1773இல் லண்டனில் வெளியான பில்லிஸ் வீட்லியின் கவிதை நூலில், அடிமைப் பெண்ணான அவர் இறகுப் பேனாவுடன் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் படம் முன்பக்கத்தில் உள்ளது. அவரைப் பாஸ்டன் நகரத்து ஒருவரின் பணியாள் என்று குறிக்கும் வரியும் அதே படத்தைச் சுற்றி ஓடுகிறது. 1789இல் முன்னாள் அடிமையான ஒலாடா ஈக்வியானோ தம் தன்வரலாற்றின் முன்பக்கப் படத்தில் கனவானுக்குரிய உடையுடனும் விரித்த வேதநூலுடனும் வாசகரை நேராகப் பார்க்கிறார். அடிமை வணிகத்துக்கு எதிரான வாதம் அந்நூலில் முதல் வரிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஆகவே, பாடநூலில் வரும் ஒவ்வொரு பழைய உருவப்படத்தின் கீழும் செதுக்கியவர் பெயர், ஆண்டு, அச்சு முறை, வெளியான நோக்கம் ஆகியவற்றை இரண்டு வரிகளில் தர வேண்டுகிறேன். சீர்திருத்தப் பாடத்தில் மட்டுமாவது கிரானாக்கின் இரு படங்களையும் பால்டுங்கின் அச்சையும் ஒரே பக்கத்தில் வைத்து, அவற்றுக்கிடையே மாறியது என்ன, அம்மாற்றம் யாருக்குப் பயன்பட்டது என்ற வினாக்களைப் பயிற்சியில் சேருங்கள். ஐந்நூறு ஆண்டுப் பழமையான இம்மூலங்களுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை; அடுத்த திருத்தப் பதிப்பிலேயே இதைத் தொடங்கலாம்.

இங்ஙனம்,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்