செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது: டர்பன் கடல்மீன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்காரர்களுக்கு,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து எழுதுகிறேன். பதினோரு வருடமாக வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவள். உங்களில் மூன்று நான்கு பேரிடம் மாறி மாறி மீன் வாங்கியிருக்கிறேன். சிலரோடு தமிழிலேயே பேசி வாங்கியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். உங்கள் கடையில் ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும், அதிலிருக்கும் மீன் கடைக்கு வந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். தண்ணீரில் ஒட்டுயிரிகளைக் கொல்லும் காப்பர் மருந்து ஊற்றியிருந்தால் என்ன காப்பர், எவ்வளவு என்பதையும் அதன் கீழே எழுதுங்கள்.

என் தாத்தா கரைவலைக்காரர். பிளஃப் பக்கம் ஃபின்லாண்ட்ஸில் இருந்த மீன்பிடிக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1950இல் தென்னாப்பிரிக்காவில் வந்த, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் அந்தக் குடியிருப்புகளைக் கலைத்துப் போட்ட பிறகுதான் எங்களுக்கு சாட்ஸ்வொர்த். வலையை விட்ட பிறகும் தாத்தாவுக்கு மீன் பார்க்கும் கண் போகவில்லை. விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். மீனைக் கையில் எடுத்ததும் கண்ணைப் பார்க்க மாட்டார், வயிற்றை அமுக்க மாட்டார். கட்டைவிரலால் செவுள் மூடியைத் தூக்குவார். "ஐஸ்ல கெடந்தா எல்லாம் பளபளன்னுதான் இருக்கும் கண்ணு. செவுளப் பாரு. அது மறைக்காது" என்பார். விற்பவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது அந்த மார்க்கெட்டில் எல்லாரும் ஒத்துக்கொண்ட நியாயம்.

உங்கள் கடைக்கு வரும்போது அந்த வசதி எனக்கு இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன், நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

போன வருடம் மார்ச்சில் ஒரு பவுடர் ப்ளூ டேங் மீன் வாங்கினேன். எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. "எப்ப வந்துச்சு தம்பி?" என்று கடைப் பையனிடம் கேட்டேன். "ரெண்டு வாரம் ஆச்சுக்கா, நல்லா சாப்பிடுது" என்றான். என் கண் முன்னாலேயே நோரி என்ற காய்ந்த கடற்பாசியைப் போட்டான். மீனும் வந்து கடித்தது. பிறகு தெரிந்துகொண்டேன், அது கடைக்கு வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது.

தவறு என்மேலும் உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. 2023இல் முறைவைத்து நடந்த மின்வெட்டு ஆறாம் கட்டத்துக்கு ஏறி, ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் போன மாதங்களில், இரண்டு தொட்டிக்கு பேட்டரி வைத்துச் சமாளிக்க முடியாமல் புது மீனைக் கொஞ்ச நாள் பிரித்து வைத்துப் பார்க்கும் என் தனித்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதைத் திரும்ப நிமிர்த்தவே இல்லை. ரெண்டு வாரம் என்று அவன் சொன்னதை நம்பி, மீனை நேரே பெரிய தொட்டியில் விட்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, அது பம்புக்கு முன்னாடியே நிக்குது." தண்ணீர் பீய்ச்சும் வாயில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. செவுள் அடித்த அடியை எண்ண முடியவில்லை. தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள்பொடியைச் சல்லடையில் சலித்துத் தூவியதுபோல உடம்பு முழுக்க மெல்லிய பொன்னிறத் தூசி. நேரே பார்த்தால் கண்ணுக்குப் படாது, சாய்வாக ஒளி பட்டால்தான் தெரியும்.

அது வெல்வெட் நோய். அமிலோடினியம் என்ற ஒட்டுயிரி. தோலில் தூசி தெரியும் முன்பே செவுளைப் பிடித்துவிடும். மீன் மூச்சுக்குத்தான் பம்பிடம் போய் நிற்கிறது. வயிறு நிறைந்ததும் ஒட்டுயிரி உதிர்ந்து, தரையில் உறை கட்டி, உள்ளுக்குள் பிளந்து பிளந்து 256 குஞ்சு வரை வெளியே விடும். நம் தொட்டிகளின் வெப்பத்தில் இந்தச் சுற்று முடிய ஒரு வாரம்கூட வேண்டாம். ஒன்று 256 ஆகிற கணக்கு எங்கள் வீட்டில் நான்கு நாளில் முடிந்தது. ஆறு மீன்.

அதில் இரண்டு, ஏழு வருடமாக என்னோடு இருந்த கோமாளி மீன் ஜோடி. பாறையிடுக்கில் நான் வைத்த சின்ன மண்சட்டியின் ஓரத்தில் முட்டை வைக்கும். ஆண் மீன் ராத்திரியெல்லாம் துடுப்பால் விசிறிக்கொண்டு கிடக்கும். பெண் மீன் முதலில் போனது. ஆணை வாளிக்கு மாற்றிக் காற்றுக்கல் போட்டு மருந்து கலந்தேன்; விடியற்காலை பார்த்தபோது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. இரண்டையும் மகள் வாழையிலையில் சுற்றிக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள்.

இனி உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் வாங்குபவர்களும் இதைப் படிப்பார்கள்.

இந்தோனேசியா, கென்யா, இலங்கை என்று வெவ்வேறு கடலிலிருந்து வந்த மீன்கள் பையில் அடைபட்டு, பட்டினியாகப் பறந்து வந்து உங்கள் தொட்டியில் இறங்குகின்றன. பெரும்பாலான கடைகளில் வரிசையாக இருக்கும் தொட்டிகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது. ஒன்றின் நோய் எல்லாத் தொட்டிக்கும் போகும். இதைத் தடுக்கச் சிலர் அந்தத் தண்ணீரில் கொஞ்சமாகக் காப்பர் வைத்திருப்பார்கள். அந்தக் கொஞ்சம்தான் பெரிய ஆபத்து. நோயைக் கொல்லும் அளவுக்கு அது இருக்காது, வெளியே தெரியாமல் அமுக்கி வைக்கும் அளவுக்கு இருக்கும். கடையில் சுத்தமாகத் தெரிந்த மீன் என் வீட்டுத் தண்ணீருக்கு வந்ததும், அமுங்கியிருந்தது ஒரு வாரத்தில் வெடிக்கும். "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லக்கா" என்று அப்போது சொல்வது எவ்வளவு அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் காப்பர் ஊற்றவும் முடியாது. பவளமும் இறாலும் நத்தையும் அதில் செத்துப்போகும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவு ஒரு நாள்கூட நிலைக்காது. வெறும் கண்ணாடித் தொட்டியில்தான் அந்த வைத்தியம் நடக்கும். அப்படிப்பட்ட தொட்டிகள் வரிசையாக இருப்பது உங்களிடம்தான்.

வெண்புள்ளி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுயிரியால் வருவது. மீன்மேல் உப்புப் பரல்போல் தெரிவது மூன்றிலிருந்து ஏழு நாள்தான். பிறகு உதிர்ந்து கல்லிலும் மணலிலும் உறைக்குள் போய்விடும். மீன் பளிச்சென்று இருக்கும். மருந்து கேட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படுவது அந்த நாட்களில்தான். பவளத்துக்குக் கெடுதல் செய்யாது என்று எழுதிய மருந்துப் புட்டிகளும், பூண்டுச்சாறும் பெயர் வாங்கியதும் இப்படித்தான். தானாக உதிர்கிற நேரத்தில் ஊற்றினால் எதுவும் மருந்துதான். அடுத்த சுற்றில் நூற்றுக்கணக்காகத் திரும்பி வரும்.

என் ஆயா இதைப் பார்த்துவிட்டு, "மீனுக்கு அம்மை போட்டிருக்கு" என்பார். நோய் வேறு, ஆனால் அம்மைக்கு நம் வீடுகளில் இருந்த ஒழுங்கை நினைத்துப் பார்க்கிறேன். வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டால் வெளியாள் உள்ளே வரமாட்டார். கொப்புளம் வாடிவிட்டதே என்று யாரும் அவசரப்பட மாட்டார்கள். மூன்று தண்ணீர் ஊற்றி முடியும் வரை நாள் எண்ணுவார்கள். பார்வைக்குக் குணமானதை நம்பாமல் நாளை நம்பினார்கள். கண்ணாடியில் தேதி எழுதச் சொல்லி நான் கேட்பதும் அதற்காகத்தான்.

தேதி தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். மூன்று நாள் மீன் என்றால் வாங்க மாட்டேன். அல்லது வாங்கி, தனித்தொட்டியில் முழுச் சிகிச்சையை நானே தொடங்குவேன். முழு அளவு காப்பரில் 14 நாள் வைத்துப் பிறகு வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றுவது ஒரு வழி. அதே தொட்டியில் என்றால் 30 நாள். உங்கள் கண்ணாடியில் "வந்து 20 நாள், முழு அளவு காப்பர்" என்று இருந்தால், பணம் கூடக் கொடுத்தே வாங்குவேன். என்ன வகைக் காப்பர் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. அயனி வகைக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பக்கம் போதும். வேறு வேதிப்பொருளோடு பிணைக்கப்பட்ட வகைக்கு 2 முதல் 2.5 வேண்டும். முதலாவதன் அளவில் இரண்டாவதை ஊற்றினால் நோய் பிழைக்கும். மாற்றி ஊற்றினால் மீன் சாகும். சோதனைக் கருவி இல்லாமல் கை அளவில் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

உப்பைக் குறைக்கும் வைத்தியத்தையும் ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். தண்ணீரின் அடர்த்தியை 1.009க்கு இறக்கி ஒரு மாதம் பக்கம் பிடித்து வைத்தால் வெண்புள்ளிக்குக் கேட்கும். வெல்வெட்டுக்குக் கேட்காது. எந்த நோய் என்று பார்க்காமல் இதைச் சொல்லி அனுப்பினால், அந்த வீட்டுக்காரர் மீனைக் காப்பாற்ற இருக்கிற இரண்டு மூன்று நாளையும் இழந்துவிடுவார். கோமாளி மீனுக்கு உடம்பெல்லாம் கோழை கட்டி உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுயிரி. அதற்குக் காப்பரும் உதவாது, ஃபார்மலின்தான்.

ஆறு மீனும் போன பிறகு தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விட்டேன். உறைக்குள் இருப்பது வெளியே வந்து, ஒட்ட மீன் கிடைக்காமல் சாகட்டும் என்று வளர்ப்பவர்கள் வழக்கமாக வைக்கும் கணக்கு அது. பவளம் இருந்தது, துப்புரவு இறால் இருந்தது. மீனின் மேலிருக்கும் பூச்சியைப் பொறுக்கித் தின்பதுதான் அந்த இறாலின் பிழைப்பு. தினமும் விளக்குப் போட்டதும் பாறை நுனிக்கு வந்து, வெள்ளை மீசைகளை ஆட்டிக்கொண்டு நிற்கும். தொட்டியில் ஒரு மீனும் இல்லை. கையை உள்ளே விட்டால் விரல்மேல் ஏறி நகக்கணுவைச் சுரண்டும். 76 நாளும் அதைப் பார்த்தேன்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். வந்து இறங்கும்போதே பெட்டியில் செத்துக் கிடக்கும் மீன், கடை வாடகை, ஜெனரேட்டர் டீசல், இரண்டு வாரம் விற்காமல் வைத்துத் தீனி போடும் செலவு. நான் உங்களை ஒரே நாளில் எல்லா மீனையும் தனிமைப்படுத்தச் சொல்லவில்லை. தேதி எழுத ஒரு பேனாவும் ஒட்டுத்தாளும் போதும். அந்தத் தம்பியையும் நான் குறை சொல்லமாட்டேன். வாரச் சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை, முதலாளி சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னான். கண்ணாடியில் தேதி எழுதியிருந்தால் அவனுக்கும் என்னிடம் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

என்னால் முடிந்ததையும் சொல்கிறேன். என் தனித்தொட்டியை நிமிர்த்திவிட்டேன். அதன் ஸ்பாஞ்ச் ஃபில்டர் எப்போதும் பெரிய தொட்டியின் அடியில் ஊறிக்கொண்டிருக்கிறது, அதனால் மீன் வந்த அன்றே, மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியா ஏறாமல் ஓடும். காப்பர் அளக்கும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். எந்தக் கடைக்காரர் கேட்டாலும் அதை எடுத்துக்கொண்டு வந்து, அவர் தொட்டித் தண்ணீரை அவர் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன். வரும் எண்ணை யாரிடமும் சொல்லமாட்டேன். ஒட்டுத்தாளில் அதை எழுதுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு முடிந்து மகளோடு வருவேன். ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்க வேண்டும். எப்போது வந்தது என்று கேட்பேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்