பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குளியலறைச் சுவரை உடைக்காமல் பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டிவிடலாம் என்று கொத்தனார் சொன்னதாக எழுதியிருந்தாய். ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் பழைய டைல் சுவரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? மேலே ஏறுகிற எடையெல்லாம் அதன் தலையில்தான். 8 மி.மீ. செராமிக் டைலும் பசையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோவை ஒட்டி வரும்.

ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டிப் பார். கெட்டிச் சத்தம் வந்தால் சரி. ‘டொக்’கென்று வெற்றாக ஒலித்தால் பென்சிலால் குறித்து வை. நடுவில் மட்டும் சிமென்ட் உருண்டை வைத்து அமுக்கியிருந்தால் மூலைகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். பத்தில் ஒன்றுக்குள் இருந்தால் அவற்றை மட்டும் பெயர்த்து, அந்தக் குழியைக் கலவையால் மட்டமாக நிரப்பிக் காயவிடலாம். அதற்கு மேல் போனால், என்னைக் கேட்டால், அந்தச் சுவரையே உரித்துவிடு.

ஷவர் பக்கச் சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது, பின்புறம் பெயின்ட் உரிகிறது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். முதலில் எழுத வேண்டியதே அதுதான்! அங்கே ஈரம் இருக்கிறது. மேலே எதை ஒட்டினாலும் கசிவு நிற்காது; உள்ளே பூச்சு ஊறித் தளர்ந்து, இரண்டு அடுக்கும் சேர்ந்து பெயரும். ஆகவே அந்த ஒரு சுவரைச் செங்கல் வரை உரி. மறைகுழாயை அழுத்தச் சோதனை செய்து, கசிவை அடைத்த பிறகு புதுப் பூச்சு. 7 நாள் நீராற்றி, நன்றாகக் காய்ந்ததும் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை; பக்கத்துச் சுவரை ஒட்டிய மூலைகளை மறந்துவிடாதே. இதில் இன்னொரு லாபமும் உண்டு. டைல் மேல் டைல் போட்டால் சுவர் 12 மி.மீ.க்குக் குறையாமல் முன்னால் வரும். சுவருக்குள் புதைந்த டைவர்ட்டர் (தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் வால்வு) அந்த அளவுக்கு உள்ளே போய்விட்டால் கைப்பிடியும் மூடித்தட்டும் உட்காராது. உன் டைவர்ட்டர் இருப்பது அதே சுவரில்தானே? உரித்துப் பூசும்போது ஆழத்தை மறுபடி சரிசெய்துகொள்ளலாம்.

உரிக்கும் வேலையை முதலில் முடி. மூலையோரம் கிரைண்டரால் ஒரு கோடு அறுத்துவிட்டுக் கொத்தச் சொல். இல்லாவிட்டால் அதிர்ச்சி பக்கத்துச் சுவருக்கும் பாயும். முடிந்த பிறகு மற்ற மூன்று சுவர்களையும் இன்னொருமுறை தட்டிப் பார்.

அந்த மூன்றிலும் சோப்புப் படலமும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தேய்த்துக் கழுவி, பளபளப்பு மங்கும் வரை வைரத் தகட்டால் உரசி, தூசியைத் துடைத்து எடு. பிறகு மணல் கலந்த பிரைமர், அதாவது பசை பிடிப்பதற்காக முதலில் பூசும் பூச்சு. சிமென்ட் பால் இங்கே ஆகாது. அது பூச்சுக்குள் உறிஞ்சப்பட்டுப் பிடிப்பது. மெருகிட்ட டைல் எதையும் உறிஞ்சாது. டப்பாவில் பிசைந்தே வரும் பசையும் வேண்டாம். இரண்டு டைலுக்கு நடுவே அதன் ஈரம் வெளியேற வழியில்லை, வாரக்கணக்கில் இளகியே கிடக்கும். பையில் சி2டிஇ என்ற தரமும், டைல் மேல் டைலுக்கு ஏற்றது என்ற குறிப்பும் இருக்கிற சிமென்ட் பசையாக வாங்கு. சி2 என்பது கூடுதல் பிடிப்பு, டி என்பது டைல் கீழே வழுக்காமை, இ என்பது சுவரில் தடவிய பின் கூடுதல் நேரம் காயாமை.

எதற்கும் முதலில் ஒரே ஒரு டைலை ஒட்டி ஒரு வாரம் விட்டு, உளியால் நெம்பிப் பார். பழைய டைலின் முகத்திலிருந்து சுத்தமாகக் கழன்றால் சுத்தப்படுத்தியதோ பிரைமரோ போதவில்லை. பூச்சோடு பெயர்ந்து வந்தால் சுவரே பலவீனம்; ஒட்டும் யோசனையை விட்டுவிடு.

பசையை 6 மி.மீ. பல் கரணையால் ஒரே திசையில் இழுக்கச் சொல். பெரிய டைல் என்றால் பின்புறமும் மெல்லிய பூச்சு வேண்டும். அவ்வப்போது ஒட்டிய டைலைப் பிரித்து, பசை எங்கும் பரவியிருக்கிறதா என்று பார். சுவரில் தடவியது விரலில் ஒட்டாவிட்டால் ஏடு படிந்துவிட்டது. சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். புது இணைப்புக் கோடுகள் பழையவற்றின் மேலேயே விழாதபடி ஆரம்ப வரிசையை நகர்த்து. அடியில் உறிஞ்சாத பரப்பு என்பதால் பசை இறுக நேரம் எடுக்கும். டைல் இடைவெளிகளை நிரப்பும் கிரவுட்டுக்கு 48 மணி நேரமாவது பொறு. மூலைகளில் மட்டும் கிரவுட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிகான் போடு.

நீ எழுதிய 2.4 × 1.8 மீட்டர் அறையில், ஷவர் இருக்கும் குட்டைச் சுவரை விட்டு, 2.1 மீட்டர் உயரத்துக்குக் கதவைக் கழித்தால் 12.3 சதுர மீட்டர் வருகிறது. சதுர மீட்டருக்கு 5 கிலோ பசை. 20 கிலோ பை நான்கு. டைல் பத்து சதவீதம் கூட்டி 13.5. உரிக்கிற சுவருக்கானதைத் தனியாகக் கணக்கிடு, ஆனால் ஒரே பேட்சில் வாங்கு, நிறம் மாறும்.

சுவரில் பொருத்திய ஆங்கிள் காக்குகளுக்கு (தண்ணீரை மூடித் திறக்கும் சின்ன வால்வுகள்) நீளம் கூட்டும் எக்ஸ்டென்ஷன் நிப்பிள், சுவிட்ச் பெட்டிக்கு நீள ஸ்குரூ தேவைப்படும். துண்டு மாட்டும் கம்பிக்கு அடிக்கிற பிளக் இரண்டு டைலையும் தாண்டிச் செங்கல்லில் இறங்க வேண்டும்.

கதவு நிலை உன் பழைய டைலைவிட எவ்வளவு முன்னால் நிற்கிறது என்று அளந்து எழுது. 12 மி.மீ.க்குக் குறைவென்றால் ஓரத்துக்கு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்