பேஸ்பால் சிமுலேஷனில் பிட்சர்களின் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உண்மை வீரர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்திப்பார்க்கும் பேஸ்பால் சிமுலேஷன் விளையாட்டுகள் பேட்டர்களின் திறனைக் கணிப்பதில் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனால் பந்து வீசும் பிட்சர்களுள், ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் வந்து வீசும் ரிலீவருக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றுள் பல இன்னும் மேலோட்டமாகவே கையாளுகின்றன. இவற்றை நெடுங்காலமாக ஈடுபாட்டுடன் ஆடிவருபவன் என்ற முறையில், எங்கே திருத்தம் தேவை என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

பிட்சருக்குத் திறன் மதிப்பெண் ஒன்று, தாக்குப்பிடிக்கும் அளவு ஒன்று என இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால் போதும் என்பதே வழக்கமான அணுகுமுறை. இதில் ரிலீவரின் திறன், அவர் ஓர் இன்னிங்ஸ் வீதம் வீசிச் சேர்த்த புள்ளிவிவரத்திலிருந்து அப்படியே எடுக்கப்படும்போது பிழை தொடங்கிவிடுகிறது. பதினைந்து, இருபது பந்துகளில் வேலை முடிந்துவிடும் என்று அறிந்தவர் முழு வேகத்தில் வீசலாம்; தம்மிடமுள்ள மிகச்சிறந்த ஓரிரு வகைப் பந்துகளை மட்டுமே நம்பலாம்; ஒரே பேட்டரை அன்றைக்கு இரண்டாம் முறை எதிர்கொள்ளும் தேவையும் அவருக்குப் பெரும்பாலும் வராது. பின்னாளில் ரிலீவராகப் புகழ்பெற்ற மரியானோ ரிவேரா 1995-இல் பத்து ஆட்டங்களைத் தொடங்கினார். அவ்வாண்டில் அவருடைய இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பிட்சர் பொறுப்பில் விழும் ரன்; குறைந்தால் நல்லது) 5.51. மறு ஆண்டு ஓர் ஆட்டத்தையும் தொடங்காமல் ரிலீவராக மட்டும் 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசியபோது அது 2.09-ஆக இறங்கியது. இளம் வீரர் தேறிவந்தார் என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆயினும், அந்த 2.09-ஐ உள்ளார்ந்த திறனாகக் கொண்டு, ஏழு இன்னிங்ஸ் வீசச் சொன்னாலும் அவர் அப்படியே வீசுவார் என்று நிரல் கருதுமானால், அது நம்பத்தக்க சிமுலேஷன் ஆகாது. அடிப்படைத் திறன் ஒன்றாக இருக்க, ஒப்படைக்கப்படும் வேலைக்கேற்ப அது கூடிக்குறைவதே முறை.

பிட்சரின் களைப்பையும், அவருடைய பந்துக்குப் பேட்டர் பழகிவிடுவதையும் ஒன்றாகக் குழப்புவது இதைவிடப் பெரிய குறை. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில், 2020-இன் ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே வீசியிருந்தார். இரண்டு ஹிட் (பேட்டர் பந்தை அடித்துப் பேஸை எட்டுதல்) மட்டும் கொடுத்து, ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் முறையில் ஆட்டமிழக்கச் செய்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில், டாட்ஜர்ஸ் அணியின் மூக்கி பெட்ஸ் மூன்றாம் முறை மட்டை பிடிக்க வந்த தருணத்தில் ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் ஸ்னெல்லை வெளியே அழைத்துக்கொண்டார். பந்து எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இப்படியொரு யோசனையே தோன்றாது. பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கையில், பிட்சர் களைத்திராவிட்டாலும், சாதகம் பேட்டர் பக்கம் சாய்கிறது என்பதே அந்த முடிவின் பின்னிருந்த கணக்கு. ஆனால் மாற்றாக வந்த நிக் ஆண்டர்சன், அதற்கு முந்தைய ஆட்டங்களிலும் தொடர்ந்து ரன் கொடுத்துவந்தவர். பெட்ஸ் இரண்டாம் பேஸை எட்டும் டபுள் அடித்தார்; முன்னிலை கைமாறியது; டாட்ஜர்ஸ் 3–1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. என் கருத்தில் அந்த மாற்றம் தவறானது. எனினும் நல்ல சிமுலேஷன் ஒன்று ஸ்னெல்லை எடுப்பதற்கான காரணத்தையும், ஆண்டர்சனை அனுப்பத் தயங்குவதற்கான காரணத்தையும் ஒருசேர எடைபோட வல்லதாக இருக்கவேண்டும்.

ரிலீவர்கள் காத்திருந்து தயாராகும் புல்பென்னில் நடப்பதும் கணக்கில் வரவேண்டும். இருமுறை எழுந்து வார்ம் அப் செய்துவிட்டு, அழைப்பு வராமல் உட்கார்ந்த ரிலீவரை, மறுநாள் முழு ஓய்வு பெற்றவராக நிரல் காட்டுவது சரியல்ல. அவர் கை உழைத்திருக்கிறது.

கணினி மேனேஜர் அந்தந்தக் காலத்தின் வழக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். எட் வால்ஷ் 1908-இல் 464 இன்னிங்ஸ் வீசினார். மைக் மார்ஷல் 1974-இல் ரிலீவராகவே 106 ஆட்டங்களில் 208 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். 1992-இல் 51 சேவ் (அணியின் முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தல்) எடுத்த டென்னிஸ் எக்கர்ஸ்லி 69 ஆட்டங்களில் வீசியதோ 80 இன்னிங்ஸ்தான். இம்மூவரையும் ஒரே களைப்பு விதியால் அளக்க முடியாது. வழக்கமாக ரிலீவராக வீசுபவராயினும், 2018 மே 19-இல் ரேஸ் அணிக்காக ஆட்டத்தைத் தொடங்கி, மறுநாளும் தொடங்கிய செர்ஜியோ ரோமோ போன்றவருக்கு ஸ்டார்ட்டர், ரிலீவர் என்ற முத்திரைகளே பொருந்துவதில்லை.

பகடையும் அட்டையும் கொண்டு 1961-இல் வெளிவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போன்ற விளையாட்டில் இத்தனையையும் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆடுபவரே கையால் கணக்கு வைக்கவேண்டியிருந்ததால் அங்கே எளிமை இன்றியமையாதது. கணினிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே, ரிலீவரின் மதிப்பெண்ணில் எவ்வளவு அவருடைய சொந்தத் திறன், எவ்வளவு குறுகிய வேலையால் கிடைத்த சலுகை என்பதைப் பிரித்துக் காட்டுமாறும், பிட்சரை மாற்றும்போது கணினி மேனேஜர் எதைக் கருதி மாற்றினார் என்பதை ஆடுபவர் பார்க்க வழி செய்யுமாறும் இவ்விளையாட்டுகளை உருவாக்குவோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்