கடலில் காணாமல் போனவரைத் தேட ஒரு சட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய தமிழகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் பலர் தங்கல் தொழிலுக்காக, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வருவதற்கு முன்பே கிளம்பிப் போனவர்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்று கேட்டபோது அரசிடம் சரியான கணக்கு இருக்கவில்லை. பங்குத்தந்தையர்தான் ஊர் ஊராகப் பெயர் எழுதி வாங்கினார்கள். அந்தப் பட்டியலும் அரசின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. தேடுதலைத் தீவிரப்படுத்தச் சொல்லி டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார வேண்டியதாயிற்று.

கடலில் தேடுவது கடலோரக் காவல்படையின் வேலை, அது மத்திய அரசின் பொறுப்பு என்பீர்கள். சரி, 12 கடல் மைலுக்கு அப்பால் மாநிலச் சட்டம் செல்லாது. ஆனால் தேடல் தொடங்குவது கரையில். படகில் யார் யார் போனார்கள், எந்தத் திசையில் போனார்கள், வீட்டார் சொல்லும் தகவலை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யார் வாங்கிக்கொள்வார்கள் என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் மீன்பிடியை ஒழுங்குபடுத்த வந்தது; தேடுவதற்கென்று எழுதப்பட்டதல்ல.

ஒவ்வொரு படகும் கிளம்பும்போது ஆள் பட்டியல் பதிவாக வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளியின் பெயரும், கொச்சியிலிருந்து கடலுக்குப் போகும் நம் ஆட்களின் பெயரும் அதில் சேர வேண்டும். தகவல் வந்த எத்தனை மணி நேரத்துக்குள் எந்த அதிகாரி தேடலைத் தொடங்கிவைக்க வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லட்டும்.

முக்கியமாக, தேடப் போகும் கலத்தில் அந்த ஊர் மீனவர் இருக்க வேண்டும். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்து மிதப்பவர் கவிழ்ந்த இடத்திலேயே இருக்கமாட்டார். காற்றும் நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், இழுத்துப்போன பக்கம் இருப்பார். அந்த நீவாட்டைத் தினமும் பார்த்துத் தொழில் செய்கிறவருக்குத்தான் எங்கே தேட வேண்டும் என்று தெரியும். ஒக்கியின்போது இதைத்தான் எங்கள் மக்கள் மன்றாடிக் கேட்டார்கள். சொந்தப் படகில் தேடப் போகிறவருக்கு டீசலும் காப்பீடும் அரசு தர வேண்டும். 2018 கேரள வெள்ளத்தில் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டவர்கள் மீனவர்கள்தான். அவர்களின் திறமைக்கு வேறு சான்று வேண்டுமா?

அப்புறம், அந்த ஏழு ஆண்டுக் காத்திருப்பு. உடல் கிடைக்காதவரை இறந்தவராக ஏற்கச் சட்டம் கேட்கும் காலம் அது. ஒக்கிக்கு மட்டும் தனியாகத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். புயல் இல்லாத நாளில் ஒற்றைப் படகு கவிழ்ந்தாலும், பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு உடனே உதவித்தொகை கிடைக்க இந்தச் சட்டத்திலேயே வழி செய்யுங்கள்.

வரும் கூட்டத்தொடரில் மசோதாவைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் அதன் வரைவைக் கடற்கரை ஊர்களில் கூட்டம் கூட்டி வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரைவாசி