மறுமுனையில் ஓர் ஆள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அதை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிர்ச்சுவர்தான் முதலில் தெரிந்தது. பளிச்சென்ற வெள்ளை. இத்தனை நாளும் அதைப் பழுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சொட்டு மருந்து இன்னும் ஒரு மாதம் விட வேண்டும், மற்றபடி நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

பேத்தி கதை எழுதுகிறாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இன்னும் நூறு வருடம் கழித்து நடக்கும் கதை, செயற்கைக்கோள்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன, சரக்கு பாய்மரக் கப்பலில் போகிறது என்று எழுதியிருந்தாய். “அப்போ அவங்க மறுபடியும் மோர்ஸ் கத்துப்பாங்களா தாத்தா?” என்று, கப்பல் ரேடியோவில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிச் செய்தி அனுப்பிய உன்னிடம் அவள் கேட்டதையும், அதே வேலை பார்த்த என் பக்கம் அந்தக் கேள்வியை நீ தள்ளிவிட்டதையும் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த நாட்களில் நான் யோசித்ததெல்லாம் அதைத்தான்.

முதலில் பாய்மரம். அதற்கு நூறு வருடம் காத்திருக்க வேண்டாம் என்று அவளிடம் சொல். ஏரியான் 6 ராக்கெட்டின் பாகங்களை ஐரோப்பாவிலிருந்து பிரெஞ்சு கயானாவில் இருக்கும் ஏவுதளத்துக்குச் சுமந்து போவது கனோபே என்ற கப்பல். 2023-ல் அதில் நான்கு பாய்களைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் 37 மீட்டர் உயரம். மரத்தில் ஆள் ஏறிக் கயிறு இழுக்கிற வேலை இல்லை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கணினியே திருப்பிக்கொள்ளும். எஞ்சினும் உண்டு, பாய் அதற்குத் துணை. விண்வெளிக்குப் போகிற பொருளைக் கடலில் காற்றும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போகிறது என்பதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்டன் ஃபிளெட்னர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1924-ல் புக்காவ் என்ற கப்பலில் பாய்க்குப் பதிலாகச் சுழலும் இரண்டு பெரிய உருளைகளை நிறுத்தினார். சுழற்றி எறிந்த பந்து காற்றில் வளைகிறதே, அதே விசைதான் அந்தக் கப்பலையும் தள்ளியது. 1926-ல் அட்லாண்டிக்கையும் கடந்து காட்டியது. ஆனால் அப்போது எண்ணெய் மலிவு, டீசல் எஞ்சினில் தொல்லை குறைவு. யோசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 2018-ல் அதே யோசனை, 30 மீட்டர் உயரமுள்ள இரண்டு உருளைகளாக, ஓர் எண்ணெய்க் கப்பலின் தளத்தில் வந்து நின்றது. திரும்பி வருவது தாத்தாவின் முகச்சாயலோடு பிறக்கிற பேரன் மாதிரி. சாயல் ஒன்றுதான், ஆள் வேறு.

அதற்காக எல்லாமே பழையபடி ஆகிவிட வேண்டும் என்று நினைக்கிறவன் நான் இல்லை. லென்ஸைக் கண்ணுக்குள் வைக்கும் வேலையை ஹரால்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் மருத்துவர் முதன்முதலில் செய்தது 1949-ல். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லு கண்ணைக் கெடுக்காமல் உள்ளேயே தங்கியிருந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். அந்த ஊசிக்குத் திரும்பிப் போக நான் சம்மதிக்க மாட்டேன். பேத்தியின் கதையிலும் யாரும் அதற்குத் திரும்ப வேண்டாம். எதற்குத் திரும்புவது, எதற்குத் திரும்பக் கூடாது என்று அந்தக் கதையில் வருகிறவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதுபோல ஓர் இடம் வைக்கச் சொல். அழிவுக்குப் பிறகு வேறு வழியில்லாமல் பழையதை எடுக்கிற கதைகள்தான் அதிகம் வருகின்றன. தெரிந்தே, விரும்பி எடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி அவள் எழுதினால் எனக்குப் பிடிக்கும்.

சரி, மோர்ஸுக்கு வருகிறேன்.

நாம் படிக்கும்போது சவர பிளேடையும் பென்சில் முனையையும் வைத்து ஒரு வானொலி செய்தோமே, நினைவிருக்கிறதா? இரண்டாம் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்கள் செய்த அதே பெட்டி. பேட்டரி கிடையாது. ஏரியலில் வந்து விழும் அலையின் சக்தியே காதுக்குள் குரலாக மாறும். அதைவிட எளிய கருவியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. போன வருடம் அதைத் திரும்பச் செய்தேன். கம்பிச்சுருள் சுற்றி, ஏரியல் கட்டி, பூமிக்கு ஒரு கம்பி இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு பிளேடின் மேல் பென்சில் முனையை நகர்த்தினேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கே பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பெட்டியில் பிழையே இல்லை. பக்கத்தில் இருந்த மத்திய அலை நிலையத்தை மூடிவிட்டிருந்தார்கள். உலகம் முழுக்க நடப்பதுதான் இது. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி 2015 முடிவோடு மத்திய அலையை நிறுத்திவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பெட்டி எளிமையாக இருந்ததற்குக் காரணம், கடினமான வேலை முழுவதையும் மறுமுனையில் வேறு யாரோ செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போய்விட்டால் என் கையில் இருப்பது வெறும் கம்பிச்சுருள். அலமாரியில் எத்தனை பழைய கருவிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும், மறுமுனையில் ஆள் இல்லாவிட்டால் பயனில்லை.

புதிய கருவிகளுக்கும் மறுமுனை உண்டு, ஆனால் அது வேறு மாதிரி. மகன் எங்கள் வீட்டில் கைபேசியால் இயங்கும் விளக்குகளைப் பொருத்தியிருந்தான். ஒருநாள் அவை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விற்ற நிறுவனம் எங்கோ இருந்த தன் சர்வரை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். விளக்கு என் தலைக்கு மேலே, அதன் உயிர் வேறு யாரிடமோ. அந்த மறுமுனையோடு நான் ஒரு வார்த்தை பேச முடியாது.

நம் ரேடியோ அறையின் கடிகாரத்தை அவளுக்கு வரைந்து காட்டு. அதன் முகப்பில் இரண்டு சிவப்புத் துண்டுகள் இருக்கும், ஒவ்வொரு மணியிலும் 15-லிருந்து 18 வரை, 45-லிருந்து 48 வரை. முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்ததும் அபாய அழைப்புக்கான 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிற எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். மூன்று நிமிடம் யாரும் அனுப்பக் கூடாது. பலவீனமான பேட்டரியோடு, தண்ணீர் ஏறும் கப்பலிலிருந்து யாராவது மெல்லிசாகக் கூப்பிட்டால் அது கேட்க வேண்டும் என்பதற்காக உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வாய் மூடிக் காத்திருக்கும் நேரம் அது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு அது தெரியாது இல்லையா? நான் கடலில் இருந்த வருடங்களில் அந்த மூன்று நிமிடங்களைத்தான் மிக அதிகமாக மதித்தேன். பெரும்பாலும் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. கேட்காமல் இருப்பதே நல்ல செய்தி.

1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் முறை முழுமையாக வந்தது, நம் வேலையும் போயிற்று. அதற்காக எனக்குக் கோபம் இல்லை. கப்பல் மூழ்கினால் மிதவைக் கருவி தானே மேலே வந்து, இருக்கிற இடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. நாம் மோர்ஸ் விசையைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றிவிடும். ஆனாலும் பிரெஞ்சுக் கடற்படை 1997 ஜனவரி 31 அன்று மோர்ஸை நிறுத்தியபோது அனுப்பிய செய்தி இன்னும் மனதில் நிற்கிறது: “அனைவருக்கும். நிரந்தர மௌனத்துக்கு முன் இதுவே எங்கள் கடைசிக் குரல்.”

அப்புறம், இதையெல்லாம் எழுதிப் பத்திரமாக வைத்தால் போதாதா என்று அவள் கேட்கலாம். இங்கிலாந்தில் 1086-ல் நாடு முழுவதும் நிலத்தையும் உடைமைகளையும் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏடு இருக்கிறது. அதன் 900-ஆவது ஆண்டை ஒட்டி 1986-ல் பிபிசி அதேபோல ஒரு புதிய பதிவைச் செய்து லேசர் தட்டுகளில் வைத்தது. 15 வருடம் கழித்துப் பார்த்தால் அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகள் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தன. பெரும்பாடு பட்டு அதை மீட்டார்கள். தோலில் எழுதிய 1086-ஆம் வருட ஏட்டை இன்றும் திறந்து படிக்கலாம். அதுகூட, பழைய லத்தீனைப் படிக்கத் தெரிந்தவர்கள் தொடர்ந்து இருப்பதால்தான். கைப்பழக்கம் அற்றுப்போனால் எந்த ஏடும் சுரைக்காய்தான்.

பெரு நாட்டில் அபூரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாக்கா என்று ஒரு புல் பாலம் இருக்கிறது. மலைப்புல்லைத் திரித்து, கயிற்றைப் பின்னி, அந்தப் பின்னலை மறுபடி பின்னித் தொடை அளவு வடமாக்குகிறார்கள். இன்கா காலத்திலிருந்து வரும் வித்தை. ஒவ்வொரு வருடமும் சுற்றியுள்ள சமூகங்கள் ஒன்றுகூடிப் பழைய பாலத்தை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. பக்கத்திலேயே இரும்புப் பாலம் இருக்கிறது, வண்டி அதில் போகிறது. ஆற்றைக் கடக்கப் புல் பாலம் தேவையே இல்லை. ஆனால் புல் இரண்டு மூன்று வருடத்தில் இற்றுப்போகும் என்பதால், கட்டத் தெரிந்த கைகள் ஒவ்வொரு வருடமும் வேலை செய்தாக வேண்டும். கல்லால் கட்டியிருந்தால் பாலம் இருந்திருக்கும், கட்டத் தெரிந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். நண்பா, அந்தப் பாலத்தின் பலவீனம்தான் அந்த வித்தையை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரிக்கும் இது புரிந்திருக்கிறது. நட்சத்திரம் பார்த்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் பாடத்தை 1990-களின் கடைசியில் நிறுத்தியவர்கள், 2015-ல் மறுபடியும் தொடங்கினார்கள். செயற்கைக்கோள் குறிகளை யாராவது கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை. நட்சத்திரத்தை யாரும் அணைக்க முடியாது.

ஆக, பேத்திக்கு என் பதில் இது. செயற்கைக்கோள் ஓய்ந்த பிறகு மோர்ஸ் கற்றுக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்தால், சொல்லித்தர ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவளுடைய கதையில் வருகிறவர்களுக்கு மோர்ஸ் தெரிகிறது என்றால், நடுவில் இருந்த நூறு வருடமும் யாரோ அதைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தேவைப்படாத காலத்திலும் தட்டியிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று அவள் யோசிக்கட்டும், கதை அங்கேதான் இருக்கிறது. அந்தச் சிவப்புத் துண்டுக் கடிகாரமும் எங்காவது சுவரில் மாட்டியிருக்கட்டும்.

என் பங்குக்கு அமெச்சூர் வானொலி உரிமத்தைப் புதுப்பித்துவிட்டேன். பழைய விசையைக் கழற்றி, முனைகளைத் தேய்த்துத் துடைத்து, வில்லைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, புள்ளிகளில் ஒன்றிரண்டு கூடிக் குறைந்து போகலாம். நீயும் உன் உரிமப் பத்திரத்தைத் தேடி எடு. அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை 7 மணி, 7,025 கிலோஹெர்ட்ஸ். அலை சரியாக இல்லாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு. வேகம் வேண்டாம், கியூஆர்எஸ்தான், அதாவது மெதுவாக, நிமிடத்துக்கு எட்டு வார்த்தை போதும். உன் பக்கத்தில் பேத்தியை உட்கார வைத்து, காதில் மாட்டிவிடு. முதல் 3 நிமிடம் நான் எதுவும் அனுப்பாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அவளைத் தட்டச் சொல்.

உனக்கு 73, அவளுக்கு 88. மோர்ஸ்காரர்கள் வழக்கில் முதலாவது வாழ்த்து, இரண்டாவது அன்பு முத்தம் என்று அவளுக்குச் சொல்.

என்றும் உன் நண்பன்