இரவு 7.30க்கு மேல் ஆட முடியாத 'கேமிங்' இணைப்பு: ஆறாவது முறைப்பாடு

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இதற்கு முன் பதிந்த ஐந்து முறைப்பாடுகளும் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தியோடு மூடப்பட்டன. ஐந்தில் ஒன்றுகூடத் தீரவில்லை. கொல் சென்டரில் பேசிப் பேசித் தொண்டை வற்றியதால்தான் எழுத்தில் வருகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். உங்கள் ஆட்கள் இதுவரை கேட்ட சோதனைகள் எல்லாம் இதில் இருக்கின்றன.

இது உங்கள் 4ஜி இணைப்பு, தலவாக்கலையில் இருக்கிறது. பெக்கேஜ் எதுவென்று உங்களுக்குத் தெரியும். விளம்பரத்தில் ஹெட்செட் போட்ட பையன் சிரிக்கிறாரே, அதுதான். ரவுட்டரும் நீங்கள் கொடுத்த அதே வெள்ளைப் பெட்டி. பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவு 7.30 முதல் 10.30 வரை அல்பியன் ஒன்லைன் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்தாடும் எந்த விளையாட்டையும் தொடவே முடியாது. எங்கள் கில்டில், அதாவது சேர்ந்தாடும் குழுவில், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, பண்டாரவளை ஆட்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து, சாப்பிட்டு, எல்லாரும் ஒன்றுசேரும் நேரமே அந்த மூன்று மணித்தியாலம்தான்.

இப்போது அளவுகள். லெப்டொப்பை லேன் வயரில் நேராக ரவுட்டரில் கொழுவி, வைஃபையை அணைத்து, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளையெல்லாம் துண்டித்துவிட்டு எடுத்தவை. லெப்டொப்பிலிருந்து ரவுட்டருக்குப் போய்த் திரும்ப 1 மில்லிசெக்கன். ஆகவே வீட்டுக்குள் பழுதில்லை. அல்பியனின் ஆசியச் சர்வர் இருக்கும் சிங்கப்பூரில் உள்ள ஒரு முகவரிக்கு, பாதையை அளக்கும் வின்எம்டிஆர் மென்பொருளில் 1000 பெக்கெட் (சிறு தரவுப் பொட்டலம்) அனுப்பினால், காலை 10 மணிக்குத் தொலைபவை 2, சராசரி 58 மில்லிசெக்கன். அதே நாள் இரவு 8.15க்குத் தொலைபவை 114, சராசரி 340, ஆகக்கூடியது 1,900. 14 இரவுகளின் பதிவுகளை இணைத்திருக்கிறேன். "இடையிலுள்ள ஹொப் (பாதையில் வரும் ரவுட்டர்) சோதனைப் பிங்குக்குப் பதில் தராமல் விடுவது வழக்கம், அதை இழப்பாக எடுக்கக் கூடாது" என்று உங்கள் பொறியியலாளர் ஒருவர் விளக்கினார். உங்கள் நிறுவனத்தில் ஒழுங்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான், நன்றி. ஆனால் நடுவில் தெரியும் இழப்பு கடைசி ஹொப்பில் மறைந்தால்தான் அந்த விளக்கம் பொருந்தும். இங்கே ரவுட்டரைத் தாண்டிய முதல் ஹொப்பிலேயே 11 வீத இழப்பு தொடங்குகிறது. சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை அந்த 11 குறையவில்லை. பழுது எங்கள் ரவுட்டருக்கும் உங்கள் கோர் நெட்வேர்க்குக்கும் (மைய வலையமைப்புக்கும்) நடுவில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"கேம் சர்வரில் பிரச்சினை" என்று இரண்டு முறைப்பாடுகளை மூடினீர்கள். கொட்டகலையில் இருக்கும் கில்ட் நண்பர் வேறொரு நிறுவனத்தின் இணைப்பில், அதே நேரம், அதே சண்டையில் 61 மில்லிசெக்கனில் நின்றார். சர்வர் பழுதென்றால் அவருக்கும் பழுதாக வேண்டும்.

மூன்றாவது முறைப்பாட்டை "மலைநாட்டு பனிமூட்டம், மழை" என்று எழுதி மூடியிருக்கிறீர்கள். இதை எழுதியது யார் என்று அறிய விரும்புகிறேன். உங்கள் 4ஜி ஓடுவது 1800, 2300 மெகாஹெர்ட்ஸில். அந்த அலைகளுக்குப் பனிமூட்டம் ஒரு தடையே இல்லை. நுவரெலியாவில் கை நீட்டினால் கை தெரியாத பனியிலும் போன் பேசுகிறோமே. கனமழை நலியச் செய்வது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் மைக்ரோவேவ் இணைப்புகளை. உங்கள் கோபுரம் பைபர் இல்லாமல் மலைக்கு மலை மைக்ரோவேவில்தான் பேசுகிறது என்றால், மழையைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்லிப் பயனில்லை, அந்த இணைப்பைத் திருத்த வேண்டியது நீங்கள். அதோடு மழையே இல்லாத ஆறு இரவுகளிலும் இதே 11 வீதம். பதிவைப் பாருங்கள்.

அந்தப் பனிமூட்டப் பதிலை எடுத்துக்கொண்டுதான் நுவரெலியா கிளைக்குப் போக நேர்ந்தது. ரவுட்டரை மாற்றித் தருவதாகக் கொல் சென்டர் சொல்லியிருந்தது. கிளையிலோ, வாங்கியது கண்டியில் என்பதால் கண்டியில்தான் மாற்றலாம் என்றார்கள். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் போய், பற்றுச்சீட்டும் பெட்டியும் காட்டி, இரண்டு மணித்தியாலம் டோக்கனோடு உட்கார்ந்த பிறகு கவுண்டரில் இருந்தவர் சொன்னது இதுதான்: "தோட்டத்துல இருந்துகிட்டு கேமுக்கா இவ்வளவு சத்தம்? யூடியூப் ஓடுதுல்ல, போதும்." கணக்கு ஹட்டன் கிளையின் கீழ் இருப்பதால் அங்கே போகச் சொல்லி டோக்கனைக் கிழித்துப் போட்டார். இரண்டு நாள் வேலையும் பஸ் காசும் போனது. அது போகட்டும். தோட்டத்து முகவரி என்றால் மாதக் கட்டணத்தில் ஒரு சதம் குறைத்தீர்களா? கொழும்பில் இருப்பவர் கட்டும் அதே தொகையைத்தானே நாங்களும் கட்டுகிறோம்?

யூடியூப் ஓடுகிறது என்றால் கேமும் ஓடும் என்று நினைக்கும் ஒருவரைக் கேமிங் பெக்கேஜ் விற்கும் கவுண்டரில் வைத்திருப்பது எப்படி? வீடியோ முன்கூட்டியே சில பத்து செக்கன்களை இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் இரண்டு செக்கன் எதுவும் வராவிட்டாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. விளையாட்டில் அடுத்த செக்கனை முன்கூட்டியே இறக்க முடியாது. எதிரி இன்னும் அடிக்கவில்லை. அல்பியன் சர்வரோடு யூடிபி என்ற அனுப்பு முறையில், 5056 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசலில்) பேசுகிறது. முக்கியமான செய்திகள் ஒழுங்கு மாறாமல் சேர வேண்டும் என்பதால், ஒன்று தொலைந்தால் பின்னால் வருபவை காத்துக் கிடக்கும். அதனால்தான் பாத்திரம் ஓடிய இடத்திலேயே ஓடி, பிறகு ஐந்து அடியும் ஒன்றாக வந்து விழுகிறது. இதற்குத் தேவையான வேகம் செக்கனுக்குச் சில பத்து கிலோபிட். உங்கள் ஸ்பீட் டெஸ்டின் 22 எம்பிபிஎஸ்ஸை வைத்து இதை மறுக்க முடியாது. பெரிய பெக்கேஜுக்கு மாறச் சொன்னார்களே, மாறியிருந்தால் 40 எம்பிபிஎஸ்ஸில் இதே 11 வீதம்தான் தொலைந்திருக்கும்.

கொல் சென்டர் செய்யச் சொன்னவற்றையும் பதிகிறேன், மறுபடி சொல்லாதிருக்க. போர்ட் போர்வர்டிங்: செய்தாயிற்று, பயனில்லை. இந்த விளையாட்டுகளில் நம் கணினிதான் வெளியே சர்வரை அழைக்கிறது, வெளியிலிருந்து யாரும் உள்ளே அழைப்பதில்லை. அதற்கு மேல் உங்கள் ரவுட்டரின் வெளி முகவரியே 100.64இல் தொடங்குகிறது, அதாவது பலர் ஒரே வெளி முகவரியைப் பகிரும் நாட் (என்ஏடி) அமைப்பின் பின்னால்தான் வைத்திருக்கிறீர்கள். அங்கே போர்ட் திறந்து என்ன ஆகும்? டிஎன்எஸ்ஸை 8.8.8.8க்கு மாற்றுவது: சர்வரின் பெயரை முகவரியாக்கும் ஒரு கணத்தில் மட்டும்தான் அது உதவும், சண்டை நடுவில் அதற்கு வேலையே இல்லை. பெக்டரி ரீசெட்: நான்கு முறை.

இழப்பைச் சொல்கிறேன். அல்பியனில் சிவப்பு, கறுப்பு வலயங்களில் இறந்தால் போட்டிருந்த கவசம், ஆயுதம், பையில் இருந்த பொருள் அத்தனையும் போகும். ஒரு பங்கு அழியும், மீதியைக் கொன்றவர் அள்ளுவார். இணைப்பு அறுந்தாலும் பாத்திரம் உடனே மறையாது, நின்ற இடத்தில் பொம்மைபோல நிற்கும். கார்லியன் நகரைச் சுற்றி சிவப்பு வலயம் என்பதால், அங்கே சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும் எருது ஒரு தடவை உறைந்தால் ஒரு வார உழைப்பு முடிந்தது. ஐவருக்கு ஐவர் மோதும் ஹெல்கேட் சண்டையில் ஹீலர் (அணியின் காயத்தை ஆற்றுபவர்) இரண்டு செக்கன் உறைந்தால் ஐந்து பேரின் உடைமையும் போகும், அவர் ஒருவருடையது மட்டுமல்ல. எங்கள் ஹீலர் உங்கள் இணைப்பில் இருப்பவர். கில்ட் களஞ்சியத்திலிருந்து 3 கோடி சில்வருக்கு (விளையாட்டுக் காசுக்கு) மேல் போய்விட்டது, 23 பேரில் 9 பேர் விலகிவிட்டார்கள். இரண்டு வருடம் கட்டிய கில்டை உங்கள் ஒரு கோபுரம் தரைமட்டமாக்கிவிட்டது. 2023 மார்ச்சில் ஆசியாவுக்கென்று தனிச் சர்வர் திறக்கும்வரை அமெரிக்கச் சர்வரில் 280 மில்லிசெக்கனோடு ஆடினோம். அப்போது பெக்கெட் தொலையவில்லை என்பதால் ஆட முடிந்தது. இப்போது சிங்கப்பூர் இவ்வளவு அருகில் வந்தும் ஆட முடியவில்லை.

மேலே விட்டுப்போனது, இதுதான் உங்கள் பொறியியலாளருக்கு முக்கியம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் பகலில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) -98, சின்ர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னலின் தரம், எஸ்ஐஎன்ஆர்) 14. இரவில் ஆர்எஸ்ஆர்பி அப்படியே -98, சின்ர் மட்டும் 2க்கு விழுகிறது. சிக்னல் குறையவில்லை, இரைச்சலும் நெரிசலும் கூடியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். சின்ர் விழுந்ததும் ரவுட்டர் பேண்ட் 3க்கும் (1800 மெகாஹெர்ட்ஸ்) பேண்ட் 40க்கும் (2300) மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலிலும் ஒன்று முதல் மூன்று செக்கன் எதுவும் போவதில்லை. பேண்டைப் பூட்டி வைக்கும் மெனு அந்தப் பெட்டியில் இருக்க வேண்டியது, உங்கள் பேர்ம்வெயரில் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளில்) மறைக்கப்பட்டிருக்கிறது. வெளி அன்டனாவுக்கான இரண்டு துளைகளும் பின்னால் மூடிபோட்டு அடைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று. சில இரவுகளில் இழப்பு இல்லாதபோதும் பிங் 230ஐத் தாண்டுகிறது. ட்ரேஸில் பார்த்தால் பாதை பிரான்ஸின் மார்செய் வரை போய்ச் சுற்றி வருகிறது. கொழும்பில் கரையேறும் ஸீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் ஸீ-மீ-வீ 5, இந்தக் கடலடிக் கேபிள்கள் இரண்டும் கிழக்கே சிங்கப்பூருக்கும் மேற்கே பிரான்ஸுக்கும் போகின்றன. எந்தப் பக்கம் அனுப்புவது என்பது உங்கள் ரவுட்டிங் பிரிவின் கையில். சிங்கப்பூர் போக வேண்டியதை மேற்கே அனுப்பாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பணிவாகவே கேட்கிறேன். தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்து அந்தக் கோபுரத்தின் எங்கள் திசைச் செக்டரில் இரவு நேரச் சுமையைப் பார்த்து, இன்னொரு கெரியர் (அலைவரிசை) சேர்க்க முடியுமா என்று எழுத்தில் பதில் தாருங்கள். பேண்டைப் பூட்டும் பேர்ம்வெயரை அனுப்புங்கள், அல்லது அன்டனாத் துளை திறந்த ரவுட்டரை ஹட்டன் கிளைக்கு அனுப்புங்கள். இரண்டும் முடியாதென்றால், இந்த ஐந்து மாதத்துக்கும் கேமிங் பெக்கேஜுக்கென்று எடுத்த மேலதிகத் தொகையைத் திருப்பித் தந்து, தண்டப்பணம் இல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விடுவியுங்கள். கண்டிக் கவுண்டர் அலுவலர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இதே கடிதமும் 14 இரவுகளின் பதிவுகளும் போகும். எங்கள் கில்டில் உங்கள் இணைப்பு வைத்திருக்கும் மற்ற ஏழு பேரும் தங்கள் பதிவுகளோடு தனித்தனியாக எழுதுவார்கள். அந்த நிலைக்குக் கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை, நல்ல இணைப்பு கிடைத்தால் உங்களோடேயே இருந்துவிடுவேன்.

தொழில்நுட்பவியலாளரை அனுப்புவதானால் இரவு 7.30க்குப் பிறகு அனுப்புங்கள். வந்த மூன்று தடவையும் பகல் 11 மணிக்கு வந்து, வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தலவாக்கலை